பள்ளிக்கூடத்தில் விளைந்த நெல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷம் காலை வழிபாட்டில் நெற்பூவின் மணம் வந்தது. மார்கழிப் பனி விலகாத நேரத்தில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும்போது, பால் கலந்தாற்போன்ற இளம் மணம் ஒன்று மூக்கில் ஏறும். பாட்டின் நடுவரிகள் எல்லோருக்கும் மறந்துபோகும். முன்னால் நிற்கும் 'பெரிய டீச்சர்' மட்டும் விடாமல் பாடுவார், அதுவும் சுருதி சேராமல்.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. நன்னிலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் அவருக்குப் பாதி வேலைதான். வாய்க்கால் தூர்வாருவது, தெருவிளக்கு, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் குடையோடு அவர்தான் வருவார். ஓய்வு பெற்றபின் ஊராட்சித் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பும் தலைவர் அவர்தான், நாற்காலி மட்டும் வேறொருவரிடம் இருந்தது.

அப்போது எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும். ஒன்பதாவதுக்குப் பஸ் ஏற வேண்டும். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளைப் பஸ் ஏற்றும் வழக்கம் இல்லை. உயர்நிலைப் பள்ளியாக்க இடம் காட்டச் சொன்னார்கள். சென்னையிலிருந்த நிலக்காரர் ஒருவர் 'மூணு மா', அதாவது ஓர் ஏக்கர், தருவதாகச் சொன்னார். அது என் அப்பா குத்தகைக்கு உழுத வயல். எங்களுக்கு வேறு வயல் கிடையாது. அவருக்கு ஒரே பெண்ணான நான் அந்த வருஷம் எட்டாவது.

டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"நிலக்காரர் சரின்னுட்டார் தம்பி. உழுறவர் நீங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ஆனா ஊர்ல வேற இடம் இல்லை, அதையும் சொல்லிடறேன்."

"சோறு போடுற நிலம் டீச்சர்," என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

தை அறுவடை முடிந்ததும் வயலை விட்டுக்கொடுத்தார். அங்கே கீற்றுக் கொட்டகை எழுந்தது, நான் ஒன்பதாவது சேர்ந்தேன், அப்பா ஊரார் வயலில் கூலிக்குப் போனார். பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். டீச்சரோடு பேச்சே இல்லை.

தாழ்ந்த வயலை மேடாக்காமல் கொட்டகை போட்ட புத்திசாலிகள் எங்கள் ஊர்க்காரர்கள். மழை பிடித்ததும் மைதானத்தில் தண்ணீர் நின்றது. அறுப்பில் உதிர்ந்து கிடந்த மணிகள் முளைத்துக்கொண்டன. பிடுங்கப் போனவர்களை டீச்சர் விரட்டினார். வழிபாட்டை ஓரத்துக்கு மாற்றினார், பந்து விளையாட்டை நிறுத்தினார், பையன்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டார். கணக்குப் பாடத்தின்போது தட்டிக்கு மேலாகப் பார்த்தால் பச்சை அலையலையாக அசையும், கொட்டகையே மெல்ல மிதப்பதாகத் தோன்றும், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேனா அப்பாவோடு வயலில் இருக்கிறேனா என்று மயங்கிப்போவேன்.

கதிர் முற்றியதும் டீச்சர் அப்பாவைத் தேடிப் போனார்.

"அறுப்புக்கு வாங்க தம்பி."

"நான் விதைக்கலையே டீச்சர்."

"போன வருஷம் விதைச்சீங்கல்ல?"

அப்பா அரிவாளோடு வந்தார். டீச்சரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, நெல்தாளைக் கன்னாபின்னாவென்று முறுக்கினார். "விடுங்க டீச்சர், நெல்லுக்கு வலிக்கும்," என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வயல் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடித்துத் தூற்றியதில் ஒரு சாக்குகூட நிறையவில்லை. அப்பா அதை இரண்டாகக் குவித்து, நிலக்காரருக்குக் குத்தகை அளப்பதுபோலவே நிதானமாக, ஒரு குவியலை டீச்சர் பக்கம் தள்ளினார். "இது பள்ளிக்கூடத்துப் பங்கு."

டீச்சர் வேண்டாமென்று சொல்லவில்லை. முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் போன வருஷம் காலமானார். கொட்டகை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. மைதானம் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள், ஒரு புல் முளைக்க வழியில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் போனபின் அங்கே படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். செருப்பை மாட்டும்போது எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், இப்போதும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"வயலுக்குத்தான். வேற எங்க?"