கடைசி வண்டி வரும் வரை

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு எதைக் கண்டாலும் பயம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பதினோராவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, கீழே இருட்டுக் குழி வாயைப் பிளந்திருக்க, கம்பி வடத்தைத் தடவிப் பார்க்கிற மனிதர் அவர். அங்கே கை நடுங்காது. தரையில் இறங்கியதும்தான் ஆரம்பிக்கும். கேஸை மூடினோமா, வாசல் கதவைச் சாத்தினோமா, அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்தோமா. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்ப்பது அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி அன்றாட வேலை.

"டேய், வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. நானும் ஓட மாட்டேன். நிம்மதியா போய்ச் சேரு" என்று உள்ளேயிருந்து அக்கா சத்தம் போடுவாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நாற்பத்தெட்டு வயதாகியும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் தம்பியுமாக ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு அறை வீடு. வேலையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். காலையில் அக்காவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனால், மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து படுக்க வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் முதுகில் புண் வந்துவிடும், வந்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வேலையிடத்திலிருந்து வீட்டுக்குத் தம்பியின் பழைய மோட்டார் சைக்கிளில் பாலம் வழியாகப் பன்னிரண்டு நிமிஷம். சுற்றுச்சாலையில் போனால் ஐம்பது.

அந்தப் பாலத்தில்தான் இரு சக்கர வண்டிகளையே விடக் கூடாது என்று நகரசபையில் பேச்சு கிளம்பியது. இவர்கள் ஒழுங்கில்லாதவர்கள், இடுக்கில் நுழைகிறார்கள், விபத்துக்கெல்லாம் இவர்கள்தான் காரணம் என்று காரை விட்டு இறங்காத நாலு பேர் மனுக் கொடுத்திருந்தார்கள். செய்தி வந்த நாளிலிருந்து லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் இருந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் அப்படியொன்றும் பெரிய சங்கம் இல்லை. மழைக்கு மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்றவர்களுக்கு அபராதம் போட்டதை எதிர்த்து ஒருமுறை ஜெயித்ததுதான் அதன் பெருமை. மற்றபடி வெயில் காலத்தில் சிக்னல்களில் தண்ணீர் கொடுப்பார்கள். பனிக்காலம் தொடங்கும்போது வண்டி விளக்குகளை இலவசமாகச் சரிபார்ப்பார்கள். மழைக்காலம் முடிந்த முதல் சனிக்கிழமை எல்லோரும் வண்டியில் பொம்மைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக ஊரைச் சுற்றி, ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அந்த ஊர்வலத்தில் லிஃப்ட்காரர் கடைசி வண்டி. சங்கத்தில் அவர் பெயரே அதுதான். ஆரஞ்சு நிறச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவார். யார் வண்டி நின்றாலும் அவரும் நிற்பார். ஒவ்வொரு திருப்பத்திலும், முதல் வண்டிக்கு அடுத்ததாக வருகிறவர் ஓரமாக நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர். அப்படி நிற்கிறவர்கள் ஆரஞ்சுச் சட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம். போனில் யார் என்ன சொன்னாலும் செல்லாது. போனையே அணைத்து வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் நம் ஆள்தான். ஆறு வருஷத்துக்கு முன் 'எல்லாரும் வந்தாச்சு' என்று எவரோ போன் செய்ய, வழிகாட்டி நின்றவர் கிளம்பிப் போய்விட்டார். பின்தங்கி வந்த தையல்காரர் ஒருவர் வழி தெரியாமல் இருட்டுச் சந்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த லிஃப்ட்காரர், இந்தச் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிய பிறகுதான் எழுந்தார்.

நகரசபை விசாரணையும் அந்தச் சனிக்கிழமையே வந்து வாய்த்தது. பதினொன்றரை மணிக்கு. அதனால் என்ன, ஊர்வலத்தை நகரசபை வாசலிலேயே முடிப்போம், நம் ஒழுங்கை அவர்களே பார்க்கட்டும் என்றாள் சங்கத் தலைவி. அவள் நகரசபையின் குப்பை லாரி ஓட்டுகிறவள். சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு எதிராக வாய் திறக்க முடியாது. ஆகவே பேச மூன்று பேரைப் பதிவு செய்தார்கள்; பதிவு செய்தவர்கள் மட்டும்தான் பேசலாம். ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர், விபத்துக் கணக்கையெல்லாம் கோப்பாகத் தயாரித்தவர். அடுத்தது, காலை ஏழு மணி டியூட்டிக்குப் பாலம் தாண்டிப் போகிற நர்ஸ் ஒருத்தி. கைக்குழந்தையை அந்தக் கரையிலிருக்கும் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியவள். படிவத்தில் மூன்றாவது கோடு காலியாக இருந்தது. லிஃப்ட்காரர் பெயரை எழுதிவிட்டார்கள்.

"எனக்குக் கூட்டத்துல பேச வராது. நாக்கு ஒட்டிக்கும்" என்றார் அவர்.

"அவங்க ரெண்டு பேரே பேசிடுவாங்க அண்ணா. நீங்க சும்மா கணக்குக்கு" என்றாள் நர்ஸ்.

புறப்படும்போது ஒரு காரியம் நடந்தது. வழக்கமாகத் தலைவி ஓட்டும் முதல் வண்டிக்குப் பின்னால் இளவட்டங்கள் போவார்கள். இந்தத் தடவை போட்டோவில் முக்கியமானவர்கள் முன்னால் தெரியட்டும் என்று யாருக்கோ தோன்ற, இன்ஜினியர், நர்ஸ் உட்படக் கமிட்டிக்காரர்களை எல்லாம் முன்னால் நிறுத்தினார்கள். பதினான்கு திருப்பங்கள் இருந்தன. திருப்பத்துக்கு ஒருவராக உதிரப் போவது அந்தக் கமிட்டிதான் என்று அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எதற்கும் கவலைப்படும் லிஃப்ட்காரர்கூட அன்று டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது திருப்பம் தாண்டியதும் பேக்கரிக்காரர் ஒருவரின் வண்டிச் செயின் அறுந்தது. பின்சீட்டில் ஆளுயர ஒட்டகச்சிவிங்கி பொம்மை கட்டியிருந்தார். லிஃப்ட்காரர் நின்றார். மாற்றுக் கண்ணி கையில் இல்லை. அறுந்த கண்ணியைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துப் பூட்ட முக்கால் மணி நேரம் போயிற்று. கை முழுக்கக் கறுப்பு. நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க போங்கண்ணே, நான் மெதுவா வரேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"எனக்குப் பின்னால யாரும் வரக் கூடாது. பேசாம அந்தத் திருகாணியைப் பிடிங்க."

வண்டி கிளம்பி ஐந்தாவது திருப்பத்துக்குப் போகும் சாலையில் நுழையப் பார்த்தால், குறுக்கே தடுப்பு. குழாய் வெடித்துத் தெருவெல்லாம் தண்ணீர். போலீஸ்காரர் கையை நீட்டி ஆற்றோரச் சாலையைக் காட்டினார்.

"சார், உள்ள எங்க ஆளுங்க நிக்கறாங்க. பத்து பேர்."

"நின்னா நிக்கட்டும். ரோடு இல்லை, பார்த்தீங்கல்ல?"

ஆற்றோரச் சாலை நேரே நகரசபைக்குப் போகும்; சுற்றிக்கொண்டு மறுபக்கமாக அந்தப் பத்துப் பேரிடம் போனால் அரை மணி நேரம். தலைவிக்குப் போன் போட்டார். அவள் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. "எங்க இருக்கீங்க? இன்ஜினியரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. முதல் பேரைக் கூப்பிட்டாச்சு. மூணு பேரும் வரலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடுவாங்களாம்!"

லிஃப்ட்காரர் தடுப்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே பத்துப் பேர் தன் சட்டையின் நிறத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். எழுபது வயது இன்ஜினியர் வெயிலில் நிற்கிறார். அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போவதா? போகாவிட்டால் பாலம் போயிற்று, அக்காவின் மதியம் போயிற்று. ஆறு வருஷமாகக் கட்டிக்காத்த சட்டத்தை அந்தத் தண்ணீர்த் தெருவில் போட்டுவிட்டு, ஆற்றோரச் சாலையில் வண்டியை முறுக்கினார். முன்னால் ஒட்டகச்சிவிங்கி ஆடிக்கொண்டே போயிற்று.

நகரசபை வாசலில் ஆரஞ்சுச் சட்டையை உருவித் தலைவியின் கையில் திணித்தார். "தலைவரே, இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கமா போங்க. இதைப் பார்க்காம அவங்க நகர மாட்டாங்க." அவள் ஓடினாள். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் ஏழு பேர். லிஃப்ட்காரர் கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மத்த ரெண்டு பேர் எங்க?" என்றார் சேர்மன். "நேரத்துக்கு வரவே தெரியாதவங்க பாலத்துல ஒழுங்கா போவாங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"ஐயா…" நாக்கு ஒட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு பேசினார். "அவங்க ஒழுங்கா இருக்கறதாலதான்யா வரலை. கடைசி வண்டியைப் பார்க்காம நகரக் கூடாது. கடைசி வண்டி நான்தான். நான் இங்க வந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் அம்மாள் சிரிக்கவில்லை. எந்தெந்தத் திருப்பம் என்று கேட்டு, மாடியிலிருந்த போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி அனுப்பினார். சுவரிலிருந்த திரையில் தெருக்கேமராப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு திருப்பம், ஓரத்தில் ஒரு வண்டி, பக்கத்தில் ஓர் ஆள். இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நர்ஸ் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவளிடம் யாரோ வழி கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினாளே தவிர, வந்த சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் சிரிப்பு நின்றது. இவர்களையா ஒழுங்கில்லாதவர்கள் என்றீர்கள் என்று எனக்கே அங்கே எழுந்து கேட்கத் தோன்றியிருக்கும்.

"சரி," என்றார் உறுப்பினர் அம்மாள், தணிந்த குரலில். "உங்களுக்குப் பாலம் எப்ப கட்டாயம் வேணும்? சொல்லுங்க."

அன்பாகக் கேட்ட கேள்வி. அதுதான் வினையாயிற்று. காலை ஆறே முக்காலுக்குப் பாலம் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று இன்ஜினியரின் கோப்பில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கணக்கைப் பதினோரு தடவை சரிபார்த்தவர் லிஃப்ட்காரர். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் கண்ணில் நின்றது அக்காவின் முதுகு மட்டும்தான்.

"மதியம்ங்க. பன்னெண்டரைக்கு" என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னார். நான்கு மணி நேரம், புண், பன்னிரண்டு நிமிஷம், எல்லாம் சொன்னார். நாக்கு ஒட்டவே இல்லை. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் முடிவு வந்தது. காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை நான்கிலிருந்து எட்டு வரை இரு சக்கர வண்டிகளுக்குப் பாலத்தில் தடை. மற்ற நேரம் தாராளமாகப் போகலாம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். சேர்மன் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டிய இடம் எரிந்தது.

அவர் வாசலுக்கு வந்தபோது நர்ஸ் ஓட்டமாக வந்தாள். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது.

"அண்ணா! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? சட்டையைத் தலைவர் போட்டுக்கிட்டு வந்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. எங்கயோ விழுந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஒண்ணும் ஆகலை சிஸ்டர்."

"அப்பாடா! என்ன சொன்னாங்க?"

எதையும் ஒளிக்காமல் சொன்னார். தன்னை என்ன கேட்டார்கள் என்பதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னார். அவள் ஹெல்மெட் வாரை இரண்டு தடவை அவிழ்த்து மாட்டினாள்.

"அப்ப பாப்பாவை நாலு மணிக்கு எழுப்பணும்" என்றாள், தனக்குத்தானே. பிறகு அவரைப் பார்த்தாள். "மணி ஒண்ணாகப் போகுது. அக்கா உக்காந்திருப்பாங்க. கிளம்புங்க அண்ணா."

திட்டியிருந்தால் தேவலை. பாலத்தில் வண்டிகள் குறைவாக இருந்தன. யாரும் தடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் வீடு வந்தது.

அக்கா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். "வாடா, பெரிய பேச்சாளரே! என் முதுகு சங்கத்துல மெம்பர் இல்லைன்னு மறந்துட்டியா? என்ன, ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு," என்றார் அவர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நமக்கு மட்டும்."

நடந்த கதை முழுவதையும் அக்காவிடம் சொன்னார்.

"மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் குடுத்திருக்காங்க?" என்று கேட்டாள் அக்கா.

"முப்பது."

"அப்ப எதுக்கு உக்காந்து அழறே? முதல்ல என்னைப் படுக்க வை. அப்புறம் பேப்பரை எடு. இந்தத் தடவை அந்தப் பொண்ணோட காலையிலேர்ந்து ஆரம்பிச்சு எழுது. என் முதுகை நடுவுல எங்கயும் கொண்டு வராதே."