ஏட்டில் அடிக்கப்பட்ட பெயர்

இதை நான் கட்டிச் சொல்லவில்லை. கதை கட்டுகிற ஆளும் நான் இல்லை. பாலைவனக் கரையில் இருக்கும் இக்கிக்கே துறைமுகத்தில் பதினோரு வருடமாக மீன் அறுக்கிறேன். பொய் சொன்னால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற பெண்களோடுதான் நாள் முழுக்க நிற்கிறேன். இது போன ஜூலையில் நடந்தது. அந்தப் பேருந்தில் இருந்தவர்களை இன்றைக்கும் நீங்கள் போய்க் கேட்கலாம். ஒருவரைத் தவிர.

என் பெயர் சுலேமா. எனக்கு ஒரே மகன், யெர்கோ. ஆறு வயது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நுரையீரலில் நீர் கோத்து பதினேழு நாள் குழாய் மாட்டிக் கிடந்தான். இருமி இருமி உதடு நீலமாகிவிட்டது. மருத்துவர் கையை விரித்த அன்று, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து பாலைவனத்துக் கன்னி மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளையைக் கொடு, மூன்று வருடம் உன் கோவில் வாசலில் வந்து ஆடுகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். அவள் தன் பங்கைச் செய்தாள், இனி நான் செய்ய வேண்டும். நேர்ந்துகொண்டு ஆடாமல் விட்டால் கன்னி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

தனியாகப் போய் ஆட முடியாது. ஒரு குழுவில் பெயர் இருக்க வேண்டும். எங்கள் தெருக் குழுவின் தலைவர் டான் நோல்பெர்ட்டோ. டான் என்றால் இங்கே ஐயா மாதிரி. அறுபது வயது, இரும்புக் குரல், கக்கத்தில் எப்போதும் கறுப்பு அட்டை போட்ட பெயர் ஏடு. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"மூணு ஒத்திகைக்கு வரலன்னா பேரை அடிச்சிருவேன். எதிர்த்துப் பேசினா ஒரே தடவையில அடிச்சிருவேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, டான் நோல்பெர்ட்டோ."

அந்த மனிதரைப் பார்த்த நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் பிள்ளையின் உயிர் அந்த ஏட்டில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பயணம் என்றால் எத்தனை வேலை தெரியுமா? பத்து நாள் பாலைவனத்தில் கூடாரம். பகலில் தோல் உரியும், இரவில் வாளித் தண்ணீர் உறையும். கம்பளி, தண்ணீர்க் கேன், வெங்காய மூட்டை, மெழுகுவர்த்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பூட்ஸை வீட்டுக்குள் போட்டு நடந்து நடந்து பழக்கினேன். மத்ராக்கா ஒன்று வாங்கினேன். கையில் பிடித்துச் சுழற்றினால் கறக்... கறக்... என்று கத்தும் மரக்கட்டை அது. ஆட்டத்தில் எல்லோரும் அதைச் சேர்ந்து சுழற்ற வேண்டும். உடைக்குத்தான் வழியில்லை. பட்டுத் துணியும் சரிகையும் என் கைக்கு எட்டாத பொருள்.

குழுவின் உடைப்பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் எல்பாக்கா. தையல்காரி, நல்ல மனுஷி. "பெட்டிய நீயே கிளறிப் பாருடி, உன் அளவுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். அடியில் ஒரு கருநீலச் சட்டை இருந்தது. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. இடது கக்கத்தில் மட்டும் ஒரு கிழிசல். யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். ஏழு தையல்.

எல்பாக்கா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்படி இதுக்குள்ள..." என்றார்.

ஜூன் ஏழு, சனிக்கிழமை. முதல் ஒத்திகை. கராஜ் வாசலில் இரண்டு வரிசையாக நின்றோம். மாலை 7.40. தலைவர் ஏட்டைப் பிரித்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் பெயரை வாசித்தால் அவரவர் "இருக்கேன்" என்போம். கடைசியில் செத்துப்போன ஆட்டக்காரர்களின் பெயரை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் குழு முழுவதும் சேர்ந்து "இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். செத்தாலும் அவர்கள் இடம் போகாது.

எங்கள் ஏட்டில் செத்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது பெயருக்கும் சொல்லி முடித்தோம். தெரு அமைதியானது.

அப்போது பின்னால் இருந்து ஒரு குரல்.

"இருக்கேன்."

பெண் குரல். வறண்ட குரல்.

திரும்பிப் பார்த்தேன். சுவரும் ஒரு பழைய வேனும்தான் இருந்தன. ஆனால் என்னை மிரள வைத்தது அந்தக் குரல் இல்லை. என்னைத் தவிர ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கையிலிருந்து பேனா விழுந்து உருண்டது.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையில் ஏதோ உறுத்தியது. கைவிட்டு எடுத்தேன். பாம்பா என்கிற பாலைவன வெளியில் கிடக்கும் உப்புக் கல். ஒரு பிடி. கொட்டிவிட்டு, துவைத்து, காய வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போடும்போது மறுபடியும் ஒரு பிடி.

ஜூன் பதினான்கு, 7.43. அதே குரல். இந்தத் தடவை நடு வரிசையிலிருந்து. ஆட்டம் முடிந்து எல்லா மத்ராக்காவும் நின்ற பிறகு, ஒன்று மட்டும் மெதுவாக... கறக்... கறக்... என்று சுழன்று நின்றது.

ஜூன் இருபத்தெட்டு, 7.41. என் இடது காதுக்குப் பக்கத்தில்.

"இருக்கேன்."

மூச்சுக் காற்று பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தது போல் இருந்தது.

தலைவர் ஏட்டை மூடினார். பக்கத்தில் நின்ற மேளக்காரர் ஒவிடியோவிடம் நீட்டினார்.

"இனிமே நீ வாசி. எனக்குத் தொண்டை சரியில்ல."

"நல்லாத்தானே கத்துறீங்க" என்றார் ஒவிடியோ. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, மாலை நான்கு மணி. எல்பாக்கா வீட்டில் உட்கார்ந்து சரிகை தைத்துக்கொண்டிருந்தோம். பட்டென்று கேட்டுவிட்டேன்.

"அது யாருக்கா?"

ஊசி நின்றது.

"நெலிடா" என்றார். "ரெண்டு வருஷம் ஆச்சு. திருவிழாவுக்குப் போற வழியில, பாம்பா வளைவுல பஸ்ஸ நிறுத்தினோம். நோல்பெர்ட்டோ நல்லா குடிச்சிருந்தான். கோவில் சாமியார்கிட்ட சொல்லிருவேன்னா நெலிடா. எல்லாரும் ஏறினதும், அவள விட்டுட்டு வண்டிய எடுக்கச் சொன்னான். நடந்து வரட்டும், திமிர் அடங்கும்னான்."

"நீங்கல்லாம்?"

"வாயே திறக்கல. நாலு நாள் கழிச்சு கண்டுபிடிச்சாங்க. குளிர்ல விறைச்சு, கையில மத்ராக்காவோட. போலீஸ் வந்து கேட்டுச்சு. ஊர்ல கிளம்புறப்ப பேர் வாசிச்சோம், அவ பதில் சொல்லல, பஸ்லயே ஏறலன்னு சொன்னோம். அவனும் ஏட்டுல அவ பேரை அடிச்சிட்டான். செத்தவங்க பேர்லகூடச் சேர்க்கல."

"எல்லாருமா பொய் சொன்னீங்க?"

"எல்லாரும்தான். நானுந்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி. காசநோய் வந்த தங்கச்சிக்காக நேந்துகிட்டவ. அது மூணாவது வருஷம், கடைசி வருஷம். ஆடாமலே போயிட்டா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. துப்பினால் என் பெயர் போகும். பெயர் போனால் யெர்கோ. பேசாமல் சரிகையைத் தைத்தேன்.

ஜூலை பதினொன்று. யெர்கோவை என் அம்மாவிடம் விட்டு, மூட்டை முடிச்சோடு கிளம்பினேன். மாலை 5.10. பேருந்துக்குள் ஒவிடியோ பெயர் வாசித்தார். முதல் பெயர் தலைவருடையது. முன் இருக்கையிலிருந்து பதில் வந்தது. என் பெயருக்கு நானும் சொன்னேன். செத்தவர்கள் ஐந்து பேருக்கும் சொன்னோம்.

காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

குரல் வரவில்லை.

அப்பாடா என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் தொண்டைக்குள் என்னவோ அடைத்தது. மணலை விழுங்கியது போல.

6.40. மேட்டில் ஏறியதும் கடல்மூடுபனி சூழ்ந்துகொண்டது. கைக்கெட்டும் தூரம் தெரியவில்லை. பாம்பா வளைவில் தலைவரே எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒதுங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அவரும் இறங்கினார். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த நான், அவர் எழும்போது கோட்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தி இருந்ததைப் பார்த்தேன். வளைவில் நெலிடா செத்த இடத்தில் அவள் தங்கை ஒரு சின்னத் தகரக் கோவில் வைத்திருக்கிறாள் என்று எல்பாக்கா சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று புரிந்தது.

ஒவ்வொருவராகத் திரும்பி ஏறினார்கள். உள்ளே விளக்கு இல்லை.

6.52. ஒவிடியோ டார்ச் அடித்து ஏட்டைப் பிரித்தார்.

"நோல்பெர்ட்டோ சயாப்பா."

ஒரு நொடி...

"இருக்கேன்."

ஆண் குரல். இரும்புக் குரல்.

என் வாயிலிருந்து வந்தது.

உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. நாக்கு புரண்டது தெரிந்தது. அசைத்தது நான் இல்லை.

ஒவிடியோ அடுத்த பெயருக்குப் போனார். வண்டி கிளம்பியது.

நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினேன். கை மடியைவிட்டு எழவில்லை.

வெளியே மூடுபனிக்குள் யாரோ ஓடி வரும் சத்தம்... தட், தட், தட்...

அதன் பின்னாலேயே...

கறக்...

கறக்...

குரல் இருந்திருந்தால் கத்தியிருப்பாயா என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

திருவிழா ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆள் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போனார்கள், மூடுபனியில் தேடினார்கள். நான்காம் நாள்தான் கிடைத்தார். சாலையிலிருந்து இருநூறு அடி தூரம்கூட இல்லை. விறைத்துப்போயிருந்தார். மெழுகுவர்த்தி கையிலேயே இருந்தது. திரி கருகவே இல்லை. போலீஸ் வந்து விசாரித்தது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பேர் வாசித்தோம், அவர் "இருக்கேன்" என்றார். இந்தத் தடவை அவர்கள் பொய் சொல்லவில்லை.

குழு ஆடியது. நேர்ச்சையை நிறுத்த முடியாதே. பதினாறாம் தேதி கோவில் வாசலில் நானும் ஆடினேன் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. நான் கற்றே இராத பழைய அடவுகளைக்கூட ஆடினேனாம். முடிந்ததும் குரல் திரும்பி வந்துவிட்டது.

ஆகஸ்டில் நெலிடாவின் தங்கையைத் தேடிப் போனேன். தெரிந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். திருவிழாவில் எடுத்த என் படத்தை அவளிடம் காட்டினேன். கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறேன், கக்கத்தில் சிவப்புத் தையல் தெரிகிறது.

அவள் படத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"இந்தச் சட்டை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"குழுவோட பெட்டியில."

"நீல நூல் இல்லாம சிவப்புல தைச்சது நான்தான். ஏழு தையல். தைச்சு, அக்காவுக்குப் போட்டு, பொத்தானும் போட்டுத்தான் சவப்பெட்டிய மூடினோம்."

அவள் படத்தைத் திருப்பித் தந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

"அப்போ அக்கா மூணாவது வருஷமும் ஆடி முடிச்சிட்டா. அதான்... அக்கா போனப்புறம் திரும்பி வந்த இருமல் ஜூலை பதினாறோட நின்னுருச்சு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் ஒரே கேள்விதான். அங்கே ஆடியது அவள் என்றால், என் பிள்ளைக்காக ஆடியது யார்?

கதவைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி 6.52.

உள்ளறையில் யெர்கோ இருமினான்.