கூட்ஸ் வண்டிக்கு ஓர் உருண்டை

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் சத்துமாவுப் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீர் ஊற்றினாள். நான் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வறுத்த கேழ்வரகும் வெல்லமும் சேர்ந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. "ஏங்கம்மா, தல சுத்துதா?" என்று ஓடி வந்தாள். தலை சுற்றவில்லை. எண்பதுகளில் அடங்கிப்போன ஒரு திகில் மறுபடியும் எழுந்து வந்தது, அவ்வளவுதான்.

அப்போது நான் மொரப்பூர் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய ஓர் ஊரில் பால்வாடி ஆயா. மாவு பிசைவதும் உருண்டை பிடிப்பதும் மூக்கு துடைப்பதும் என் வேலை. பாட்டுச் சொல்லித் தருவது டீச்சர் வேலை. ஆனால் டீச்சர் பாடினால் பிள்ளைகள் தூங்கின. நான் பாடினால் சாப்பிட்டன. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பாட்டுக்கு எழுத்து எதற்கு? கண் இருந்தால் போதாதா?

ஒரு பிள்ளையின் புருவத்தில் ஒட்டிய மாவை ஈ வந்து தின்னும். அந்த ஈக்கு ஒரு பாட்டு. அறுந்த பல்லி வால் தனியாகத் துள்ளும். அதற்கு ஒன்று. காலையில் கண்ணில் பட்டது மத்தியானம் வாயில் வந்துவிடும். "எழுதி வெக்கலாம் ஆயா, சொல்லு" என்பார் டீச்சர். "எழுதுனா பாட்டு படுத்துக்கும் டீச்சர், வாயில இருந்தாத்தான் ஓடும்" என்பேன். அந்தக் காலத்தில் என் சந்தோஷமெல்லாம் எது தெரியுமா? 'ஆனை வருது' என்று பாடினால் அத்தனை தலையும் வாசல் பக்கம் திரும்பும். அதைப் பார்ப்பதற்காகவே வாரம் ஒருதரம் ஆனையை வரவழைப்பேன்.

கூட்ஸ் பாட்டும் அப்படி வந்ததுதான்.

கூட்ஸு வண்டி கூட்ஸு வண்டி
எங்கடி போற?
செவப்புத் துணி காட்டுறேன்டி
செத்த நில்லடி!
எங்க ஊரு மாவு உருண்டை
ஒண்ணு தின்னடி,
தின்னுபுட்டுத் தெம்பாத்தான்
திரும்ப ஓடடி!

அன்றைக்கு டீச்சர் மீட்டிங் என்று தர்மபுரி போயிருந்தார். நான் அடுப்படியில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ரயில் ஓடுகிற சத்தம் காதில் விழாது, நின்றால்தான் விழும். விடாமல் ஒரு ஹாரன். அப்புறம் இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் மூன்று பிள்ளைகளைக் காணோம். கதவில் தொங்கிய சிவப்புத் திரையையும் காணோம்.

எப்படி ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. மாவுக் கையோடு ஓடினேன். ஓடும்போது அந்தப் பாட்டு மட்டும் என் மண்டைக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை.

மொரப்பூரை விட்டுக் கிளம்பி இன்னும் வேகம் பிடிக்காத வண்டி. அதனால் பிழைத்தோம். எஞ்சினுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகள் திரையை ஆளுக்கொரு முனை பிடித்திருந்தார்கள். நடுவில் நாகம்மா, நாலு வயசு, உருண்டையை நீட்டிக்கொண்டு, "பா, தின்னு" என்று அவள் வீட்டுக் கன்னடத்தில் எஞ்சினை வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் இறங்கினார். ஜல்லி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தண்டவாளம் ஒடஞ்சிருக்குங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்லீங்க."

"பின்னே என்னாத்துக்குங்க நிறுத்துனாங்க?"

பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டார்கள், பாட்டாகவே, ராகத்தோடு, முழுசாக. அவர் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"யாருங்க கட்டுனது?"

"நாந்தாங்க" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் பெருமை போகவில்லை பாருங்கள்!

பின்னாலிருந்து கார்டு மூச்சு வாங்க நடந்து வந்தார். "என்னய்யா, எருமை கிருமை அடிபட்டுச்சா?"

"இல்ல சார்" என்றார் டிரைவர். "டிபன் குடுக்க நிறுத்தியிருக்காங்க."

பிறகு நாகம்மா கையிலிருந்து உருண்டையை வாங்கித் தின்றார். "வண்டிக்கு வயிறு ரொம்பிருச்சு கண்ணு. இனிமே நிறுத்தக் கூடாது. நீ வூட்டுக்குள்ள இருந்தே குடு. நான் ரெண்டு ஹாரன் அடிச்சா, தின்னுட்டேன்னு அர்த்தம்" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டு ஏறினார்.

சாயங்காலம் நாகம்மாவின் அப்பா வந்து நடுத்தெருவில் நின்றார். "ஏக்கா, நீ பாட்டு கட்டறயா, எம்புள்ளைக்குப் பாடை கட்டறயா?" பாட்டில் குற்றமில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் அவர்கள் அதை நம்பினார்களே, அதுதான் என்னை அடித்துப் போட்டது. ஆனைக்குத் திரும்பின அந்தத் தலைகளை நான் விளையாட்டு என்று அல்லவா நினைத்திருந்தேன்!

இனிமேல் பாட்டே கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வாயை மூடிக்கொண்டு உருண்டையை வைத்தேன். பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தரும் தொடவில்லை. நாகம்மா தன் உருண்டையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டே நின்றாள். ஒரு வண்டி போயிற்று, ஹாரன் இல்லை. இன்னொன்றும் போயிற்று. மாவு காய்ந்து வெடித்தது.

மூன்றாவது வண்டி, இரண்டு ஹாரன்.

"தின்னுடுச்சு!" என்று கத்தினாள். அப்புறம்தான் தன் வாயில் போட்டாள். மற்றதுகளும் தின்றன. நான் பாடவே இல்லை.

அந்த மனிதர் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அந்தத் தடத்தில் முகம் தெரியாத டிரைவர்களெல்லாம் கொஞ்ச காலம் எங்கள் ஊரைத் தாண்டும்போது இரண்டு அடித்துவிட்டுப் போனார்கள். எப்போது நின்றது என்று நினைவில்லை. இப்போது அங்கே தண்டவாளத்தின் இரு பக்கமும் சுவர். நல்ல காரியம்தான், நானே கையெடுத்துக் கும்பிடுவேன். புதுப் பால்வாடியின் உள்சுவரில் புகை விடுகிற ரயில் படம் அழகாக வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த ரயிலுக்குப் பசிக்குமே என்று ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதில்லை.