அப்பா அளந்த அல்பீசியா

எங்கள் வீட்டு அல்பீசியா மரத்தை வெட்டியது ஒரு நோன்மதி தினத்துக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, மறுநாள், சனிக்கிழமை. மாமா இன்றைக்கும் அதை ஞாயிறு என்றே சொல்வார். ஞாயிறாக இருந்திருந்தால் அப்பா டவுனில் டியூஷன் வகுப்பில் நின்றிருப்பார், மரத்தடியில் நின்றிருக்க மாட்டார். நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, முடிவு வராமல் காத்திருந்த மாதம் அது. பின்னேரங்களில் இடியோடு மழை தொடங்கியிருந்தது. எனக்கு அப்போது இரண்டு பயங்கள். முடிவைப் பற்றிய பயம் சில நாட்களில் மறந்துபோகும். மரத்தைப் பற்றியது மறக்கவே மறக்காது.

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் பாதைக்குக் கீழே, சரிவில் எங்கள் வீடு. பாதைக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த மரம். யாரும் நட்டதில்லை. அப்பா வீடு கட்டிய வருடம் தானாக முளைத்து, நான் ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் கரண்ட் கம்பிகளுக்கு மேலே போய்விட்டது. அல்பீசியா வேகமாக வளரும், வேகமாக முறியும். காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில் அதன் கிளையொன்று குளியலறைத் தகரத்தைக் குத்திக்கொண்டு உள்ளே வந்து நின்றது. அன்றிலிருந்து நான் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விடுவேன். அங்கே இருந்தாலும் மரம் அசையும்போது தட்டோடு எழும்பி நிற்பேன்.

அந்தக் குளியலறைத் தகரத்தைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். அப்பா கணித ஆசிரியர். கூரையின் பரப்பளவைக் கணக்கிட்டு, அதற்குச் சரியான எண்ணிக்கையில் தகரம் வாங்கி வந்தார். ஒரு தகரத்தின் விளிம்பு அடுத்த தகரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் ஒரு கையகல வானம் மிச்சமாகி, மழை நாட்களில் எங்களோடு சேர்ந்து குளித்தது. அம்மா ஓர் உரப்பையை வெட்டி அந்த இடைவெளியில் கட்டிவிட்டாள்.

உயரங்களை அளப்பது அப்பாவின் பொழுதுபோக்கு. சிலர் மீன் பிடிப்பார்கள், சிலர் கரம் விளையாடுவார்கள். அப்பா கரும்பலகைக்குப் பாவிக்கும் பெரிய மரப் பாகைமானியை எடுத்து, அதன் நேர் விளிம்பில் மை தீர்ந்த பேனாக் குழாயை ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டு வைத்திருந்தார். குழாய் வழியாகப் பொருளின் உச்சியைப் பார்க்க வேண்டும். நூல் எந்த அளவில் நிற்கிறதென்று பார்த்தால் கோணம் கிடைக்கும். கோணமும் தூரமும் தெரிந்தால் பெருக்கி எடுத்து, கடைசியில் பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும். கண் உயரத்தை மறக்கிற பிள்ளைகளுக்கு அப்பா ஈவிரக்கமில்லாமல் புள்ளியைக் குறைப்பார். இந்தக் கருவியோடு அவர் டெலிபோன் கோபுரத்தை, கோயில் கோபுரத்தை, வழியில் நின்ற தென்னைகளையெல்லாம் அளந்திருக்கிறார். அப்பாவை 'சேர்' என்றே அழைக்கும் ஊர்க்காரர்கள் பாதையில் போகும்போது, "என்ன சேர், இது இன்னும் வளந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா சிரிக்காமல் பதில் சொல்வார்.

குளியலறையில் கிளை விழுந்த பிறகு மரத்தை வெட்டுவதென்று முடிவானது. மேற்பக்கம் பாதையோரம் கரண்ட் கம்பி, ஒரு பக்கம் நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் மிளகுக் கொடிகள், மறுபக்கம் தண்ணீர்த் தாங்கி. மரத்தைச் சாய்க்க முடிந்தது கீழ்ப்பக்கம்தான், எங்கள் சமையலறையின் திசையில். இப்படியான இடங்களில் ஓர் ஆள் ஏறி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவதுதான் வழக்கம். ஆனால் அப்பா அளந்தார். பாதையில் நின்று குழாய் வழியாக உச்சியைப் பார்த்தார். தூரத்தை அளந்தார், பெருக்கினார், கண் உயரத்தைக் கூட்டினார். பிறகு அடிமரத்திலிருந்து சமையலறையை நோக்கி அளவு நாடாவை இழுத்துக்கொண்டு இறங்கி, ஓர் இடத்தில் முளையடித்து அதன் தலையில் சிவப்புத் துணி கட்டினார். முளைக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம்.

"நுனி இங்க வந்து படுக்கும்," என்றார் அம்மாவிடம். "இதத் தாண்டி ஒரு எலகூட வராது."

"வராதுங்களா?"

"வராது."

அம்மா முளையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மரம் வெட்ட வந்த மேஸ்திரியான பாஸுக்கும் சந்தேகம் வரவில்லை. அவருடைய மகன் அப்பாவிடம் டியூஷன் படிக்கிறவன். "சேர் கணக்கு சேர்தானே," என்று முளையைத் தட்டிப் பார்த்தார். "ஏறுற வேலை இல்ல. மழைக்கு முந்தி முடிச்சிருவோம்." அவரோடு வந்திருந்த தம்பிக்காரன் ஏறத் தேவையில்லை என்றதும் சந்தோஷமாக வெற்றிலை போட உட்கார்ந்தான்.

அன்று காலையிலிருந்தே அம்மா சமையலறையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தூள் பறந்து சாமான் எல்லாம் பாழாகிவிடும் என்றாள். அரிசி வாளி, கேஸ் சிலிண்டர், சட்டிபானைகள், மூலையிலிருந்த சாமிப் படங்கள், எல்லாவற்றையும் நானும் அவளும் ராத்தா வீட்டுக்குச் சுமந்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மரத்தடியிலிருந்து விலகிப் போகும் ஒவ்வொரு நடையும் எனக்குப் பிடித்திருந்தது.

பாஸ் மரம் அறுக்கும் மெசினை இயக்கினார். அந்தச் சத்தத்தில் சரிவு முழுவதும் நடுங்குவதுபோலிருந்தது. நான் மேலே பாதையில், மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்கே வானம் கறுத்திருந்தது. மரத்தின் உச்சி மட்டும் தனியாக, மெல்ல, இல்லை இல்லை என்று சொல்வதுபோல ஆடியது. பாஸ் மெசினை மரத்தில் வைக்கவில்லை. நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெசினை அணைத்தார்.

"நோனா எங்க?"

அம்மா சமையலறைக்குள் இருந்தாள்.

நான்தான் முதலில் ஓடினேன், அப்பா பின்னால் வந்தார். அம்மா வெறும் சமையலறையின் நடுவில், தேங்காய் துருவியின் மேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மூடித் தேங்காய்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நீயும் வா," என்றார் அப்பா.

"ராவைக்கு ரொட்டி சுடணும். துருவிட்டு வாறேன்."

"பாஸ் காத்துக்கிட்டு இருக்காரு."

"வெட்டச் சொல்லுங்க. இங்க வராதுன்னுதானே சொன்னீங்க?"

"வராது. அதுக்காக உள்ள இருப்பாங்களா?"

"வராதுன்னா உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?" அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பாஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவ உள்ளதான் இருக்கா, இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, வெட்டுன்னு."

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அழுதேன். அவள் எழும்பவில்லை. என் தலையைத் தன் முழங்காலோடு ஒரு முறை அழுத்திவிட்டு, "அப்பாகூட மேல போ பாப்பா," என்றாள். அப்பா சுவரில் சாமிப் படங்கள் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். அரிசி வாளி வைத்திருந்த மூலையைப் பார்த்தார். பிறகு அம்மாவை நெடுநேரம் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. அப்பாவின் கை அப்படி இருந்து நான் அறிந்ததில்லை. மரத்தைப் பற்றிய பயம் அந்த நிமிடத்தில் வேறொன்றாக மாறியது. அப்பாவுக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும் என்ற பயம் அது. அதற்கு முன் அது எனக்கு வந்ததில்லை.

பாஸ் மெசினோடு நின்றார். "என்ன சேர்? போடவா?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா சொல்லச் சொன்னது ஒரே வரிதான். அது வரவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க," என்றார்.

பாகைமானியை எடுத்துக்கொண்டு பாதைக்கு ஏறினார். முன்பு நின்ற அதே இடத்தில் நின்று குழாயில் கண்ணை வைத்தார். நூலில் தொங்கிய நட் நிற்கவில்லை. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. காற்று என்று நினைத்து நான் பக்கத்தில் போய் மறைத்து நின்றேன். அப்போதும் அது ஆடியது. கடைசியில் அவர் கருவியைக் கீழே இறக்கினார். கண் உச்சியிலிருந்து மெல்ல மெல்ல மரத்தின் வழியே இறங்கி வந்து, பாதைக்குக் கீழே, சரிவில், அடிமரத்தில் நின்றது.

"பாப்பா, நான் எங்க நிக்கிறேன்?"

"ரோட்டுல."

"மரம் எங்க நிக்குது?"

"கீழ."

அதற்குப் பிறகு அவர் மதகுக் கட்டில் உட்கார்ந்துகொண்டார். வருடக்கணக்காகக் கரும்பலகையில் அவர் வரைந்த தரை நேர்கோடாகவே இருந்தது. அதன் மேல் மரமும் மனிதனும் ஒரே மட்டத்தில் நின்றார்கள். அப்படி ஒரு தரை எங்கள் பக்கத்தில் விளையாட்டு மைதானத்தைத் தவிர எங்கேயும் கிடையாது. பாதையிலிருந்து அடிமரம் வரை இறங்கும் சரிவின் உயரம் முழுவதும் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது. கண் உயரத்தை மட்டும் மறக்காமல் கூட்டியிருந்தார்.

"பாஸ்," என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "ஏறி நுனிய வெட்டுங்க. மொதல்ல அத எறக்கிடுவோம்."

தம்பிக்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டான். அவன் பாதி மரம் ஏறியிருப்பான், அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தாள். பாதைக்கு ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. ஆபத்து இருந்தபோது உள்ளே இருந்தவள், ஆபத்தெல்லாம் போன பிறகு வெளியே வருகிறாள்.

நுனி துண்டுகளாக இறங்கியது. மிச்ச மரத்தைப் பாஸ் மழைக்கு முன்னால் சாய்த்தார். அது விழுந்த அதிர்ச்சி மதகுக் கட்டு வழியாக என் பாதங்களுக்கு வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். தலையில்லாத அந்த அடிமரமே சிவப்புத் துணி முளைக்குக் கிட்டத்தில் வந்து படுத்திருந்தது. வெட்டி இறக்கிய நுனி வேலியோரம் குவிந்து கிடந்தது. பாஸ் அந்தக் குவியலைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், சமையலறைச் சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "மழை வருது சேர்," என்றார். அப்பா குனிந்து முளையைப் பிடுங்கி, துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு அப்பாவின் கணக்கில் எவ்வளவு நம்பிக்கை என்று நான் பல வருடங்கள் வியந்திருக்கிறேன். உயிரையே வைத்துவிட்டாளே என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவே தன் கணக்கைச் சந்தேகித்த பிறகுதான் அவளுடைய நம்பிக்கை உடைந்து வெளியே வந்தாள் என்பது என் விளக்கம்.

அன்று பின்னேரம் தூறலில் சாமான்களைத் திரும்பக் கொண்டுவரப் போனபோது, ராத்தா அரிசி வாளியைத் தூக்கி அம்மாவின் இடுப்பில் வைத்தபடி கேட்டார்:

"சாமான் சட்டி, சாமிப் படம் எல்லாத்தையும் எங்கட ஊட்டுல கொண்டாந்து வெச்சிட்டு, நீங்க மட்டும் என்னத்துக்கு உள்ளுக்கு ஈந்தீங்க?"

"தேங்கா துருவி முடியல ராத்தா," என்றாள் அம்மா.

நான் அதை நம்பினேன். சமையலறைக்கு வந்து துருவியைத் தூக்கி ஓரத்தில் வைத்ததும் நான்தான். அந்த மூடித் தேங்காய் பக்கத்தில் தரையில் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை. வெள்ளைவெளேரென்று முழுசாக இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராவைக்கு ரொட்டியில் தேங்காயே இல்லை என்று முறையிட்டேன். அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பேசாமச் சாப்பிடு," என்றார்.