மணலில் அடித்த டென்ட்

என் பேரன் வாங்கி வைத்திருக்கும் டென்ட், பையிலிருந்து எடுத்து உதறினால் தானாகவே நின்றுகொள்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. சுத்தியல், கயிறு, வளைந்துபோன முளைகள், வியர்த்து நிற்கும் ஒரு கணவன், அவரைக் குறை சொல்ல ஒரு மனைவி. இவ்வளவும் இல்லாமல் அது என்ன டென்ட்?

எங்களுடைய முதல் டென்ட் வளைகுடா நாட்டில், ராஸ் அல் கைமா மலைகளுக்கு நடுவில் நின்றது. மொத்தம் ஏழு மணி நேரம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவருக்கு அங்கே ஒரு சிமெண்ட் ஆலையின் லேபரட்டரியில் வேலை. குவார்ட்டர்ஸில் குடும்பமாக இருந்தது நாங்கள் மட்டும்தான். காலையில் அவர் டியூட்டிக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை ஸ்டவ்தான். மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். குழாயில் உப்புத் தண்ணீர். முழங்கால் வரை தொங்கிய என் முடி தேங்காய் நாராகிவிட்டது. நான்கு மாதம் பொறுத்தேன். ஐந்தாவது மாதம் அப்பாவுக்கு எழுதினேன்: "பம்பாய் வரைக்கும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். இனி இங்கே திரும்ப மாட்டேன்."

வழக்கமாக என் கடிதங்களை அவர்தான் போஸ்ட் செய்வார். இதை மட்டும் அவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஒட்டி, விலாசம் எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் வீட்டில் இருப்பவளுக்கு என்ன பிரயோசனம்?

அந்த வாரம் திடீரென்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மலைப்பக்கம் போயி டென்ட் அடிச்சுத் தங்குவமா? அங்கிட்டு தண்ணி கெடக்காம்."

"நல்ல தண்ணியாங்க?"

"நல்ல தண்ணிதான். மீனெல்லாம் இருக்காம்ல."

அந்தத் தண்ணீருக்காகத்தான் சம்மதித்தேன்.

சர்வே ஆட்களிடம் ஒரு டென்ட்டை இரவல் வாங்கினார். ஆலையின் பிக்கப் வண்டியும் கிடைத்தது. ஓட்டி வந்தவர் மருதாணித் தாடி வைத்த ஒரு பட்டாணியர். நான் புளியோதரையைத் தூக்கில் அடைத்துக்கொண்டேன். கைப்பையில் சீயக்காய்ப் பொட்டலத்தை வைக்கவும் மறக்கவில்லை.

இரண்டு மொட்டை மலைகளுக்கு நடுவே அகலமான ஆற்றுப் படுகை. அந்த ஊரில் அதை வாதி என்பார்கள். ஓரமாகப் பச்சைத் தண்ணீர் ஒரு மடுவில் தேங்கியிருந்தது. கரையில் அரளி பூத்திருந்தது. நம் ஊர் அரளியேதான்!

டிரைவர் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, "இதர் நஹீ ஸாப், ஊபர்" என்று, இங்கே வேண்டாமென மேலே கையைக் காட்டினார். மேடு முழுக்கக் கல். கீழேயோ மெத்தை போல மணல்.

"நாங்க ஆத்து மணல்லயே பொறந்து வளந்தவங்க பாய்" என்று என் கணவர் சுத்தத் தமிழில் பதில் சொல்லிவிட்டு மணலில் முளை அடித்தார். நானும் சிரித்தேன். மதுரைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் மணல்தான். அதில் உட்காருவோம், தூங்குவோம், சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவோம். தண்ணீர் வருவதானால் அணையைத் திறப்பார்கள், பேப்பரில் போடுவார்கள், ஊரே வேடிக்கை பார்க்கப் பாலத்தில் நிற்கும். சொல்லாமல் வரும் ஆற்றை நாங்கள் கண்டதில்லை.

மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரந்தது. சிரட்டை இல்லாததால் டம்ளரால் மொண்டு குடித்தேன். அவ்வளவு இனிப்பான தண்ணீரை அதற்கப்புறம் குடித்ததாக நினைவில்லை. சாப்பிட்டுவிட்டு, மடுவின் ஓரத்தில் உட்கார்ந்து தலைக்குக் குளித்தேன். டிரைவர் மேட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். குளிரில் நான் கத்தக் கத்த, வேண்டுமென்றே இன்னும் மெதுவாக ஊற்றினார். நான்கு மாதத்தில் அன்றுதான் நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

நாலரை மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேல் வெயில்; தூரத்து மலைகளில் மட்டும் கறுப்பாக மேகம். நான் முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து டிரைவர், "ஜல்தி! ஜல்தி!" என்று அலறினார். அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. குவாரியில் லாரி சல்லி கொட்டுமே, அந்தச் சத்தம், நிற்காமல்.

என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கல்லில் முட்டி தேய ஏறினேன். மேலே என்னை விட்டதும் திரும்பிக் கீழே ஓடினார்.

"எங்க போறீங்க? ஐயோ, வாங்க!"

வளைவில் தண்ணீர் தெரிந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் சுள்ளியுமாக. அவர் டென்ட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் கணுக்காலைத் தொட்டு, முழங்காலுக்கு ஏறி, இடுப்பைப் பிடித்துவிட்டது. டிரைவர் தன் போர்வையின் ஒரு நுனியை வீசி அவரை இழுத்துப் போட்டார். எங்கள் டென்ட் கொஞ்ச தூரம் நின்றபடியே போனது. பிறகு குப்புற விழுந்து, புளியோதரைத் தூக்கோடு மறைந்தது.

அவர் நெஞ்சோடு அணைத்திருந்தது என் கைப்பை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஒரு பைக்காகவா? ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன செய்வேன்? புத்தி இருக்கா?"

மூச்சு வாங்கியபடி பையை என் மடியில் வைத்தார். "உள்ள அப்பாவுக்கு எழுதுன லெட்டர் இருக்குல்ல. நனையல. நாளைக்குப் போஸ்ட் பண்ணிருவோம்."

பையில் அந்த விலாசத்தை எப்போதோ பார்த்திருக்கிறார்; ஆனால் அதைப் பிரித்திருக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. எல்லாக் கடிதத்தையும் கொடுக்கும் மனைவி ஒன்றை மட்டும் ஒளித்து வைத்தால் அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தண்ணீரைத் தேடி என்னைக் கூட்டி வந்திருக்கிறார். தெரிந்தே அதை எடுக்கவும் ஓடியிருக்கிறார்.

அழுதேன். வெட்கமில்லாமல், டிரைவர் இருப்பதையும் மறந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"லெட்டர் கெடக்கட்டும். அடுத்த தடவை மேட்லதான் டென்ட் அடிக்கணும்."

ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவையா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.