பாரமுள்ள பிள்ளை

சூடான சோற்றின் மேல் கருவாட்டுக் குழம்பு விழும்போது எழும் வாசனை, இப்போதும் எனக்குப் பசியையும் பயத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

எட்டாம் வகுப்பு முடிந்த மே மாத விடுமுறையில், விருதுநகரில் எங்கள் சபையிலிருந்து திருத்தங்கலுக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு ஊழியத்துக்குப் போன குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் கோயில் என்று சொல்லும் அந்த ஊர்ச் சர்ச்சில், அதைக் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. சபையாரோடு சேர்ந்து கோயிலுக்கு வெள்ளையடிப்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை. நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பதால், கூட்டத்தோடு போனால் கூச்சம் தெளியும் என்று அப்பா அனுப்பிவைத்தார்.

விருந்தாளிகளைத் தங்கள் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அந்தச் சபையார் போட்டி போட்டார்கள். என்னை அந்தச் சபையில் எல்லோரும் சித்தி என்று கூப்பிடும் எஸ்தர் சித்தி கூட்டிப்போனார். அவர் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் கோயில் பக்கம் வராதவர். ஒரே மகள் ஜெயா, என் வயதுதான். இரவு எனக்கு மட்டும் தட்டு வைத்துச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, பக்கத்து வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் நான் சாப்பிடுவதைப் பார்க்க நின்றார்கள். என் கை தட்டுக்குப் போகவே இல்லை. "வேண்டாம்" என்றேன். காலையில் இட்லிக்கும் அதே பதில்.

"ஏத்தா, உபவாசமா இருக்கியா?" என்று சித்தி கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை ஆமாம் என்று ஆகிவிட்டது.

வெள்ளையடிக்கும் மட்டை சுண்ணாம்பில் நனைவதற்குள் செய்தி கோயிலுக்குப் போய்விட்டது. எங்கள் குழுவை நடத்திய அக்கா பூரித்துப்போய், இந்த வயதிலேயே இவளுக்கு "ஆத்தும பாரம்" வந்துவிட்டது என்றார். பிறருக்காக மனசு கனத்துக் கிடப்பதை எங்கள் சபைகளில் "பாரம்" என்பார்கள். அதன்பின் என் முன்னால் யாரும் தட்டு வைக்கவில்லை. மகன் குடியை விட வேண்டும், மாட்டுக்குச் சுகமாக வேண்டும் என்று பெண்கள் வந்து சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். உள்ளே "இட்லி" என்ற ஒரு சொல்தான் ஓடியது.

ஜெயா என் முன்னால் உட்கார்ந்து மாங்காய் தின்றாள். "ஏ பிள்ள, சாமி அங்கிட்டுப் பாக்கும்போது ஒரு துண்டு தின்னுக்கிடு, நா சொல்லமாட்டேன்" என்றாள். தின்றிருப்பேன். அப்போதுதான் சுவரோரம் சித்தி மத்தியானச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளி அப்படியே இருப்பதைப் பார்த்தேன். சித்தி வேனில் வேலைக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"அம்மாவும் ஒங்கூட உபவாசம்" என்றாள் ஜெயா, மாங்காயைக் கடித்துக்கொண்டே. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவளைத் தீப்பெட்டி கம்பெனிக்கு அனுப்புவதென்று அவள் அப்பா முடிவு செய்திருந்தார். சித்திக்கு அவளை ஒன்பதாவது சேர்க்க ஆசை. சித்தி தனி ஆளாக இருந்த உபவாசங்களுக்கு வீட்டுக்காரர் மனசு அசையவில்லை; ஒரு சின்னப்பிள்ளையும் சேர்ந்து இருந்தால் கர்த்தர் கேட்பார் என்று சித்தி நம்பினார்.

சாயங்காலம் வேன் கதவைப் பிடித்து மெல்ல இறங்கி வந்த சித்தி, "களைச்சுப் போயிட்டியாத்தா?" என்று என்னைத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் அவர் பிடித்திருந்த ஒரே பிடியும் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அவர் பட்டினி. கதவில்லாத அறைக்குள் நின்றதுபோல் நின்றேன்.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து "அசனம்". சபையாகச் சமைத்து, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் ஊரையே ஒரே பந்தியில் உட்காரவைக்கும் கறிச்சோற்று விருந்து அது. ஜெயாவின் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்து, நீயும் உட்கார வேண்டியதுதானே என்றார்.

"இந்தப் பிள்ள சாப்பிடாம எனக்கு எப்படி எறங்கும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குத் தாயி பட்டினி கெடக்க?"

பந்தியே பார்த்தது. பின்னால் சுவர், முன்னால் இலைகள். ஓட இடமில்லை.

"ஜெயா பள்ளிக்கூடம் போகணும்னு" என்றேன்.

அந்த நிமிடம் வரை அதற்காக நான் ஒரு வார்த்தைகூட ஜெபித்ததில்லை. ஆனால் சொல்லி முடித்ததும், அதற்காகவே பசித்திருந்ததுபோல் எனக்கு அழுகை வந்தது.

"மாப்ள, விருதுநகர்லருந்து ஒனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்துருக்கு" என்று பந்தியில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜெயாவின் அப்பாவும் சிரித்தார். "பாத்துக்கிடலாம். மொதல்ல நீ சாப்பிடு."

எங்கள் பக்கத்தில் "பாத்துக்கிடலாம்" என்றால் சரி என்றும் பொருள், இல்லை என்றும் பொருள். சித்தி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லி, என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் கவளத்தை எனக்கு ஊட்டிவிட்டார். ஜெயாவின் அப்பா மகளை நிமிர்ந்து பார்க்காமல் அதைச் சொன்னதை நான் கவனித்திருந்தேன். ஆனாலும் சோறு வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்கினேன்.

அடுத்த வருடப் பண்டிகைக்குப் போனபோது ஜெயா தீப்பெட்டி கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. "இந்த வருசமும் உபவாசமா, இல்ல சாப்பிடுவியா?" என்று சிரித்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். சித்தி குழம்பை ஊற்றினார். மறுசோறு வைத்தபோதும் நான் மறுக்கவில்லை.

இன்று அந்தக் கோயிலுக்கு டைல்ஸ் போட்டாகிவிட்டது. ஊழியத்துக்கு வருகிறவர்களை யாரும் வீட்டுக்கு இழுத்துப்போவதில்லை. மண்டபத்தில் கேட்டரிங் சாப்பாடு. கம்பெனி வேன்களில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்க முடிவதில்லை, அது போனதே நல்லது. சித்தியின் குடும்பம் எங்கே போனதென்று அங்கே சொல்ல ஆளில்லை. நான் இப்போதும் எங்கள் குழுவோடு இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகிறேன். ஆராதனை முடிந்ததும் எங்கள் குழுவின் பிள்ளைகள் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க, பெண்கள் அவர்களைத் தாண்டி, ஓரமாக நழுவப் பார்க்கும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அவர்கள் பிள்ளையின் பெயரைக் கேட்கிறேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர்களும் கையை விடுவதில்லை.