இன்னும் சொல்லாத ஆமென்

காலையில் எண்ணெயில் கடுகு வெடித்தது. "யார்கிட்ட பேசுற மம்மி?" என்று மகள் கேட்டபோதுதான் நான் வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

லிங்கராஜபுரத்து வீட்டில் என் அம்மாவும் இப்படித்தான். கடுகு வெடிக்கும்போது "இயேசப்பா" என்று ஆரம்பிப்பாள். நடுவில் காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவாள், எனக்குத் தலை பின்னுவாள், சாக்ஸ் தேடும் அப்பாவைத் திட்டுவாள். பிறகு, "அப்புறம் இயேசப்பா, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பொறுமை குடுங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஆபீஸ் போகும் பஸ்ஸிலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

எனக்கு எரிச்சலாக வரும். சர்ச்சில் எல்லோரும் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஒழுங்காக முடிக்கிறார்களே!

"நீ ஆமென் சொல்லவே மாட்டியாம்மா?"

"படுக்கறப்போ சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா போனை வெச்ச மாதிரி ஆயிடும்டி."

ஒரு நாள் மதியம், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். அன்றைய ஜெபத்துக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

மகளின் டிபன் பாக்ஸை மூடிக் கையில் கொடுத்தேன். "அப்புறம் இயேசப்பா..." என்று தொடர்ந்தேன்.